காலி மாடி

மோரித் தண்ணீர் வாய்க்குள் போனால் துருப்பிடித்த ஆணியைச் சப்பியதுபோல் இருக்கும்; அதன்மேல் சோப்பும் டீசலும் சேர்ந்து நாறும். பத்து வயதில் அதை மூன்று மடக்குக் குடித்திருக்கிறேன். இன்றைக்கும் அடைமழை பிடித்தால் அந்த ருசி நாக்கில் வந்துவிடுகிறது, யார்மேல் என்று தெரியாமல் கோபமும் வருகிறது. பொய் சொல்வானேன், யார்மேல் என்று நன்றாகவே தெரியும்.

"மோரி" என்றால் பெங்களூர்க்காரர்களுக்குச் சாக்கடை. அப்படியொரு பெரிய மோரியின் கரையில் இருந்தது எங்கள் காலனி, பெயர் வேண்டாம். சுரங்கம் மூடியபின் தங்கவயலிலிருந்து பிழைக்க வந்த என் அப்பாவைப் போன்றவர்கள் ஷீட் கூரை போட்டுக் குடியேறிய இடம். அங்கே குழந்தைக்கும் தெரிந்த கன்னடம் "காலி மாடி", அதாவது காலி செய்யுங்கள். மாடியைச் சினிமாவில் மட்டும் பார்த்திருந்த எங்களுக்கு அந்த மாடியைக் கேட்டாலே கதவைச் சாத்திக்கொள்ளத் தோன்றும். எனக்கு ஒன்பது வயதில் ஒரு ஜீப் அதை மைக்கில் கத்திவிட்டுப் போன மத்தியானமே ஜேசிபி வந்து, அடுப்பில் சோறு கொதிக்கக் கொதிக்க, கீழ் வரிசையை இடித்துத் தள்ளியது. தப்பியவை இரண்டே வீடுகள். பெண்களையும் பிள்ளைகளையும் உள்ளே வைத்து வெளியே பூட்டியிருந்தவை. "ஆளு உள்ள கீதுன்னா மிஷினு கை வைக்காது" என்று அன்றிலிருந்து அப்பா சொல்லிக்கொண்டே இருப்பார்.

அதனால் ஒரு மழைக்காலக் காலையில் அதே ஜீப் வந்து "சண்டமாருதா பர்த்தாயிதே, எல்லாரூ மனே காலி மாடி" என்று கத்தியபோது, புயல் வருகிறது என்பது எங்களுக்குப் புரியாமல் இல்லை, ஒருவரும் நம்பவில்லை. "கடலே இல்லாத ஊருக்கு இன்னாடா புயலு? இவனுங்களுக்கு எடம் வோணும்" என்றார் அப்பா. மைக்கைப் பிடித்திருந்தவர் நஞ்சப்பா, வருடா வருடம் எங்கள் மோரியில் இறங்கித் தூர் வாருகிறவர். "அந்த மனுசன் சொம்மா சொல்ல மாட்டாரு, போயிடலாங்க" என்று அம்மா துணியைச் சுருட்டினாள். அப்பா அவளை ஓங்கி அறைந்தார். அம்மா, நான், தம்பி மூவரையும் உள்ளே தள்ளிக் கதவைப் பூட்டி, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு தெருவுக்குப் போனார்.

ஜன்னல் கம்பி வழியாக எல்லாவற்றையும் பார்த்தேன். முதல் கல் யாருடையது என்று தெரியாது. இரண்டாவது அப்பாவுடையது, அது நஞ்சப்பாவின் நெற்றியைப் பிளந்தது. மைக்கில் அவர் அலறியது தெரு முழுக்கக் கேட்டது, நான் கை தட்டினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பிறகு போலீஸ் வந்து முட்டியிலும் முதுகிலும் லத்தியால் விளாசித் தள்ள, ஆண்கள் மூலைக்கு ஒருவராக ஓடினார்கள். அப்பாவும் ஓடினார், சாவியோடு.

புயல் வந்தது சென்னைப் பக்கம்தான், ஆனால் அதன் மழை எங்கள்மேல் இறங்கியது. சாயங்காலத்துக்குள் மோரி எருமைக்கூட்டம்போல் முட்டிக்கொண்டு உள்ளே வந்தது. கட்டில் மிதந்தது, பக்கத்து வீட்டுச் சுவர் சரிந்து விழுந்தது. இரண்டு வயதுத் தம்பியை அம்மா தலைக்குமேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, தொண்டை கிழியக் கத்திக்கொண்டு, கதவை உதைத்தாள். தண்ணீர் என் மூக்கைத் தொட்டபோதுதான் வெளியே கடப்பாரை விழும் சத்தம் கேட்டது. நான்கு அடியில் பூட்டு பெயர்ந்தது. நெற்றியில் ரத்தம் ஊறிய துணியோடு நஞ்சப்பா நின்றிருந்தார். தம்பியைத் தோளில் போட்டு, என் தலைமுடியைப் பற்றி இழுத்து, அம்மா பின்னாலேயே வர, மேட்டுத் தெருவுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார்.

ஓடிப்போன ஆண்கள் அங்கே திரும்பியிருந்தார்கள். அவர் கையிலிருந்த கடப்பாரையைப் பார்த்தார்கள், நனைந்த எங்களைப் பார்த்தார்கள். "யாருக்கா பூட்டுனது?" என்று ஒருவன் கேட்டான். அம்மா கூட்டத்துக்குள் நின்ற அப்பாவைப் பார்த்தாள். பெண்டாட்டி பிள்ளைகளைத் தண்ணீரில் பூட்டிவிட்டு ஓடியவன் என்று தெரிந்தால் அந்தக் கூட்டம் அவரை உயிரோடு விட்டிருக்காது. அம்மா நஞ்சப்பாவைக் கை காட்டி, "இவங்கதான்" என்றாள்.

முதல் அடி அப்பாவுடையது. பிறகு அந்தக் கடப்பாரையையே பிடுங்கி நஞ்சப்பாவை அடித்தார்கள். "நானு பாகிலு தெகதே, நானு தெகதே" என்று, கதவைத் திறந்தவன் நான் என்று, அவர் கன்னடத்தில் கதறினார். அங்கிருந்த எல்லாருக்கும் கன்னடம் தெரியும். அவருடைய வலது கை அதன்பிறகு நிமிரவே இல்லை என்று கேள்விப்பட்டேன்.

அரசாங்கமும் ஒன்றும் யோக்கியமில்லை. தண்ணீர் வடிந்ததும் வேலி போட்டு, எங்களை ஊருக்கு வெளியே அத்திபெலேவுக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய்க் கொட்டியது. அதனால் அம்மாவின் பொய்க்கு வேர் பிடித்துவிட்டது. அரசாங்க ஆட்களே ஏரி மதகைத் திறந்துவிட்டார்கள், வீடுகளைப் பூட்டிவிட்டார்கள் என்று அது வளர்ந்தது. இப்போது காலனி இல்லை, மோரிமேல் சிமெண்ட் பலகை மூடிச் சாலை ஓடுகிறது, அப்பா இல்லை, அம்மாவும் இல்லை. அந்தப் பேச்சு மட்டும் ஒவ்வொரு புயலுக்கும் கைபேசியில் வருகிறது. அனுப்புகிறவன் என் தம்பி. "அந்த வீட்டில் நானும் இருந்தேன்" என்று அடியில் எழுதுவான்.

போன வாரமும் எச்சரிக்கை வந்தது. அவன் குடியிருப்பது ஈஜிபுராவில் ஒரு பள்ளத்து வீடு, இரண்டு பெண் குழந்தைகள். காலி செய்யச் சொல்லி ஆட்கள் வந்தும் கதவைத் திறக்கவில்லை என்றான். அன்றைக்குத்தான், இத்தனை வருடம் கழித்து, போனில் சொன்னேன்: "நம்மள பூட்டுனது அப்பாடா. தொறந்தவரு நஞ்சப்பா. உன்னத் தோள்ல தூக்கினு வந்தாரு."



"இப்டி சொல்லச் சொல்லி உனுக்கு இன்னாக்கா குடுத்தாங்க?" என்று கேட்டுவிட்டு, தம்பி போனை வைத்துவிட்டான்.