ஊசி போடாத வாய்

புலம்பெயர்ந்த தமிழர் நிறைந்த ஸ்காபரோவில் ஒரு தமிழ் வானொலியில் மரண அறிவித்தல் வாசிக்கிற கோணேஸ்வரிக்கு அன்றைக்கு இருப்புக்கொள்ளவில்லை. பகலில் பக்கத்து மார்க்கம் நகரில் ஒரு கிடங்கில் மருந்துப் பெட்டி அடுக்குவாள். மாலை ஐந்து மணிக்கு, செத்தவரின் சொந்தபந்தத்தில் ஒருவரையும் விடாமல், ஊர்ப்பெயர் பிசகாமல் வாசிப்பாள். மோர்னிங்சைட் பக்கத்துத் தமிழரில் பாதிப்பேர் யார் போனது என்று அறிவதே அவள் குரலில்தான். அன்றைய தாளில் கனகசிங்கம் இருந்தார். அவளுக்கு முன் அதே ஒலிவாங்கியில் வாசித்தவர். பல்லைச் சுற்றின முரசுச் சதை வீங்கி அவள் வாயைத் திறக்க முடியாமல் கிடந்த நாளாய்ப் பார்த்துத்தான் அந்த மனுசனும் போனார்.

பதினொரு வருடத்துக்கு முன், பல்லுக்கு ஊசி போட்ட கையோடு, விறைத்த வாயுடன் அவர் வாசிக்க வந்தார். நாக்குக் குழறியது. குடித்துவிட்டுச் செத்தவீட்டு அறிவித்தல் வாசிக்கிறார் என்று தொலைபேசி விடாமல் அடித்தது. கதை றிச்மண்ட் ஹில் கோயில்வரை போயிற்று. மனைவி பேபி சொன்ன உண்மையை ஒருவரும் நம்பவில்லை. ரோசக்காரர், வேலையை விட்டுவிட்டார். வானொலியில் ஊசிக் கதை தெரிந்தவள் பக்கத்துக் கதிரையில் இருந்த கோணேஸ்வரி ஒருத்திதான். அவள் வாயே திறக்கவில்லை. அடுத்த கிழமை அந்த ஐந்து மணி அவளுக்குக் கிடைத்தது.

இப்போது பல் டொக்டரின் கதிரையில் சாய்ந்தபடி மணிக்கூட்டையே பார்த்தாள். மூன்று மணி. முரசுக்கு அடியில் ஆழமாகத் துப்புரவாக்க வேண்டும், விறைக்க ஊசி போடுவோம் என்றாள் அங்கே பல் துப்புரவு செய்கிற பிரசாந்தினி.

"ஊசி வேண்டாம் பிள்ளை. ஐஞ்சு மணிக்கு எனக்கு நாக்கு வேணும்."

பிரசாந்தினி யோசித்தாள். ஊசியில்லாமல் ஒரு ஜெல் இருக்கிறதாம். மெல்லிய குழாயால் பல்லுக்கும் முரசுக்கும் நடுவில் விட்டால் அரை நிமிடத்தில் அந்த இடம் மட்டும் விறைக்குமாம், இருபது நிமிடத்தில் விறைப்பு விட்டுவிடுமாம். பல்லுப் பிடுங்கப் போதாது, துப்புரவுக்குக் காணும். கொஞ்சம் நோகலாம் என்றும் சொன்னாள்.

நொந்தது. கோணேஸ்வரி அடிக்கடி கையைத் தூக்கி அவளை நிறுத்தி, கனகசிங்கம், கனகசிங்கம் என்று சொல்லிப் பார்த்தாள். பெயர் சுத்தமாகவே வந்தது. ஆனாலும் பதற்றம் அடங்கவில்லை. தான் பயந்தது ஊசிக்கு மட்டும் இல்லை என்று அவளுக்கே தெரியும்.

ஐந்து மணிக்கு வாசித்தாள். ஓர் எழுத்தும் பிசகவில்லை. தாள் முடிந்தது. விளம்பரத்தைப் போடப்போன கை பாதியில் நின்றது.

"கனகசிங்கம் அண்ணை அண்டைக்குக் குடிச்சிட்டு வாசிக்கேல்லை. பல்லுக்கு ஊசி போட்டிட்டு வந்தவர். எனக்குத் தெரியும். நான்தான் சொல்லேல்லை."

தொலைபேசி உடனே அடித்தது. பேபி அக்கா.

"நல்லா வாசிச்சாய், கோணேஸ்," என்றார். பிறகு கேட்டார்: "இந்தப் பதினொரு வருசமும் உனக்கு ஆர் ஊசி போட்டது?"

கேட்டுவிட்டு அவர் தொலைபேசியை வைக்கவில்லை. பதிலுக்குக் காத்திருந்தார்.