வேப்பிலை கட்டிய பதினோரு நாள்

வலது கன்னத்தின் உட்புறம் ஒரு வெள்ளைத் திட்டு. இருபது வருடம் புகையிலை அடக்கிய இடம். காரம் பட்டால் எரிந்தது. சுண்ணாம்பு சுட்டிருக்கும் என்று விட்டுவிட்டேன். கழுத்தில் கட்டி வந்த பிறகுதான் ஸ்ரீரங்கத்திலிருந்து பஸ் ஏறித் திருச்சி ஆஸ்பத்திரிக்குப் போனேன். எழுபதுகளின் கடைசி அது.

கோபால்ட் கதிர் (கட்டியைச் சுடும் சிகிச்சை) கொடுத்தார்கள். கன்னத்துப் புண் ஆறியது. கழுத்துக் கட்டி அசையவில்லை.

"கதிருக்கு மசியாத கட்டிங்க இது. பிசிஜியும் சேர்த்துப் பாக்கலாம். உத்தரவாதம் கிடையாது" என்றார் டாக்டர்.

பிசிஜி (காசநோய்த் தடுப்பு மருந்து) கையில் கீறித் தடவப்படும். உடம்பின் எதிர்ப்புச் சக்தியை அது உசுப்பினால், கதிர் அடிக்கிற கட்டியை உடம்பும் சேர்ந்து அடிக்கலாம். அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகருமே என்று சம்மதித்தேன்.

"காய்ச்சல் வரும், கை கொப்பளிக்கும்" என்றார் டாக்டர். "கதிருக்கு வர்றத மட்டும் ஒரு நாளும் விட்டுடாதீங்க."

சொன்னபடியே வந்தது. எதிர்வீட்டு மரகதம் அக்கா என் கையைக் கண்டதும் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "சமயபுரத்தா வந்திருக்கா, தம்பி. எங்கயும் நகராத."

நான் மறுக்கவில்லை. புற்று என்றால் டம்ளரைத் தனியாக வைக்கும் தெரு எங்களுடையது. அம்மை என்றால் கும்பிடும்.

"முழுப் பூசணிக்காய சோத்துல மறைக்கிறீங்க. கதிருக்கு எப்படிப் போவீங்க?" என்றாள் என் மனைவி.

வாசலில் வேப்பிலை தொங்கிற்று. தலைக்குத் தண்ணீர் ஊற்றும்வரை அம்மை கண்டவர் படி இறங்கக்கூடாது. பதினோரு நாள் கிடந்தேன். கட்டி பருத்தது, கஞ்சி இறங்கவே வலித்தது. மரகதம் அக்கா எனக்காக விரதமிருந்து, சமயபுரத்துக்கு நடந்தே போய்வந்து, கொப்பளித்த காலோடு திருநீறு நீட்டினார்.

அந்தக் காலைப் பார்த்த பிறகு மறைக்க முடியவில்லை. "அம்மை இல்லக்கா. புத்து."

நீட்டிய கையை மடக்கிக்கொண்டார். "ஆத்தாளயும் பொய்க்குக் கூப்பிட்டியே" என்றார். பிறகு வேப்பிலையை அவரே அவிழ்த்தார். "டாக்டர்கிட்டயாவது உண்மையச் சொல்லு. கெளம்பு."

சொன்னேன். "நீங்க லீவு எடுத்தீங்க, கட்டி எடுக்கலியே" என்றார் டாக்டர். தலை நிமிரவில்லை எனக்கு. மேலும் பல வாரம் கதிர். கையில் புதுக் கீறல்கள். கட்டி கரைந்தது. எது கரைத்தது என்று அவருக்கும் நிச்சயமில்லை. என்னைப்போல் படுத்திருப்பவர்களுக்கு இவ்வளவுதான் சொல்வேன்: வெட்கத்துக்காக ஒரு நாளையும் கொடுக்காதீர்கள்.

அந்தக் கடைசி வாரங்களின் கதிர் என் உமிழ்நீர்ச் சுரப்பிகளையும் சுட்டுவிட்டது. இப்போது கால்மணிக்கொரு மிடறு தண்ணீர். பொழுது அப்படித்தான் நகர்கிறது. ஒரு மிடறுக்கு நாலு வாக்கியம் பேசலாம், பிறகு நாக்கு ஒட்டிக்கொள்ளும். அந்தப் பதினோரு நாளும் என் வாயில் ஈரம் இருந்தது; உண்மை சொல்லத்தான் நாக்கு எழவில்லை.