ராதிகாவின் ஈரத்தலை

தீனதயாளனுக்கு வயிற்றெரிச்சல் புதிதல்ல. பக்கத்துக் கழனிக்காரர் கொளஞ்சியப்பனுக்கு மூங்கில்துறைப்பட்டு ஆலையிலிருந்து கரும்பு வெட்ட உத்தரவு ஒரு வாரம் முந்தி வந்துவிட்டால் போதும், இவனுக்கு அன்றைக்குச் சோறு இறங்காது. எவனாவது டிராக்டருக்குப் புது டயர் போட்டால் இவன் காற்று இறங்கிய டயராட்டம் உட்கார்ந்துவிடுவான். பொல்லாதவன் என்று சொல்ல முடியாது. யார் வாய்க்காலையும் அடைத்ததில்லை, யார் பயிரிலும் மாட்டை விட்டதில்லை. எரிவதெல்லாம் தன் வயிற்றுக்குள்தான். அந்த நெருப்பில் வெந்தது அவன் ஒருவன்தான், ராதிகாவைக் கட்டிக்கொண்டு வருகிற வரைக்கும்.

ராதிகா எலவனாசூர்கோட்டைப் பெண். பன்னிரண்டாவது வரை படித்தவள். நிறம் கொஞ்சம் கம்மி, சிரிப்பு கொஞ்சம் ஜாஸ்தி. அந்தச் சிரிப்புதான் இவனுக்கு வினையாகப் போயிற்று. பால் ஊற்ற வருகிறவரிடம் சிரித்தால், "அந்தாளாண்ட இன்னா பேச்சு?" என்பான். அவள் சித்தப்பா மகன் வந்து ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தால், இவன் மாட்டுக்குத் தண்ணீர் காட்டுகிற சாக்கில் நாலு தரம் உள்ளே வந்து போவான். முதல் வருஷம் ராதிகாவுக்கே அது பிடித்திருந்தது. நம்மேல் இவ்வளவு உயிரா என்று உள்ளுக்குள் பூரித்துப்போனாள். இரண்டாம் வருஷம் அலுத்தது. அவனுக்கோ ஒரே பயம்தான் எப்போதும். என்றைக்காவது ஒருநாள் இவள் தன் கையை விட்டுப் போய்விடுவாளோ என்று.

கள்ளக்குறிச்சி மாவட்டத் தலைநகரம் ஆனதிலிருந்து அந்த ஊருக்கு நிற்க நேரமில்லை. கரும்பு நின்ற இடமெல்லாம் மனைக்கல் நட்டார்கள். பைபாஸ் ஓரத்தில் பிரியாணிக் கடைக்குப் பக்கத்திலேயே இன்னொரு பிரியாணிக் கடை முளைத்தது. ஊருக்கு மேற்கே, கல்வராயன் மலை தெரிகிற பக்கம், மருத்துவ ஆராய்ச்சி வளாகம் ஒன்று எழும்பியது. கண்ணாடி பதித்த நாலு கட்டடம், காவலுக்கு ஆள், வேலைக்காரர்களை ஏற்றிவர வேன். அவ்வளவு நீளப் பெயரை யார் சொல்லிக்கொண்டிருப்பது? சனங்கள் 'ஆராய்ச்சி' என்று சுருக்கிவிட்டார்கள். "எம் மவன் ஆராய்ச்சியில கீறான்" என்று கொளஞ்சியப்பன் டீக்கடையில் சொன்னார். மகன் அங்கே செக்யூரிட்டி. தொப்பி எல்லாம் உண்டு.

தீனதயாளனுக்கு அன்றைக்கும் சோறு இறங்கவில்லை. ஆராய்ச்சியில் எலி பராமரிக்க ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும், துவைத்த சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டான். துணைக்கு ராதிகாவையும் கூட்டிப்போனான். அவளை வெளியே பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு உள்ளே போனான். எலிக்கூடத்துக்குப் பொறுப்பான கலையரசி மேடம் சாதாரணமாகத்தான் கேட்டார்.

"எலியோட பழக்கம் உண்டுங்களா?"

"எனக்கா? இன்னா மேடம் இப்பிடி கேட்டுட்டீங்க! எங்க கரும்புல நானே கிட்டி வெச்சி புடிப்பேன். ஒரே நாள்ல ஒரு மூட்ட அடிச்சிருக்கேன். ஒரு அடிதான் மேடம். ரெண்டாவது அடிக்கு வேலையே இல்ல."

"கொன்னுடுவீங்களா?"

"பின்ன, கொஞ்சுவாங்களா?"

மேடம் பேனாவை மூடி வைத்தார். அவனோ வேலை கிடைத்த மாதிரியே நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வெளியே வந்தான். பின்னாலேயே வந்த மேடம், பெஞ்சிலிருந்த ராதிகாவைப் பார்த்தார். என்ன படித்திருக்கிறாய், எலி என்றால் பயமா என்று நின்றபடியே விசாரித்தார். "பயம்லாம் இல்லீங்க. சின்ன வயசுல வூட்டுல மொசலு வளத்தோம். குட்டிங்கள நான்தான் பாத்துக்குவேன்" என்றாள் ராதிகா. வேலை அவளுக்குக் கிடைத்தது.

எலியைப் பற்றி எல்லாம் தெரிந்தவன் இவன். வேலைக்குப் போனது அவள். தீனதயாளனுக்கு அந்தக் கணக்கு எப்படிப் போட்டாலும் சரியாக வரவில்லை. ஊராரிடம், "நான்தான் போவச் சொன்னேன்" என்று பெருமையாகச் சொன்னான். வீட்டில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான்.

முதல் நாள் வேலை முடிந்து வந்தவளுக்குச் சொல்வதற்கு அவ்வளவு இருந்தது. செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்துவிட்டாள்.

"மாமா, எலிங்க அத்தினியும் பஞ்சாட்டம் வெள்ள வெளேர்னு. ரூமு பூரா ஏசி. நம்பள உள்ள வுடறதுக்கு முன்ன இன்னா பண்றாங்க தெரியுமா..."

"எலி நாத்தம் கொடலப் பொரட்டுது. தள்ளிக் குந்து மொதல்ல. ஒன் எலிக் கதைய எங்கிட்ட சொல்லாத."

ராதிகா பேச்சை அப்படியே விழுங்கிக்கொண்டு அடுப்பைப் பற்றவைக்கப் போனாள். அதற்குப் பிறகு ஆராய்ச்சியைப் பற்றி அவனிடம் அவள் வாயே திறக்கவில்லை.

மறுநாள் சாயங்காலம் அவள் தலை ஈரமாக இருந்தது. அதற்கு மறுநாளும். தினமும் வேனிலிருந்து இறங்கும்போது துண்டால் துவட்டிய தலை, முதுகில் ரவிக்கை நனைந்த தடம். மழை இல்லை, மாதம் மாசி. காலையில் வீட்டில் தண்ணீர் ஊற்றிக்கொண்டு போனவள், சாயங்காலம் இன்னொரு தரம் எங்கே குளித்துவிட்டு வருகிறாள்? கேட்டிருந்தால் ஒரு நிமிஷத்தில் தெரிந்திருக்கும். அவன் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடுமே என்ற பயம். சந்தேகப்படுகிறவனுக்குப் பதிலைவிடச் சந்தேகம்தான் சௌகரியம்.

அவள் கிட்டே வரும்போது மோந்து பார்த்தான். வீட்டில் போடுகிற மஞ்சள் சோப்பு வாசனை இல்லை. வேறு சோப்பு வாசனையும் இல்லை. எந்த வாசனையும் இல்லாமல் வந்து நின்றாள். அதுதான் அவனைப் பாடாய்ப் படுத்தியது. ஏதாவது ஒரு வாசனை அடித்திருந்தால் இன்னார் என்று ஒருத்தனைப் பிடித்து வயிறெரிந்திருக்கலாம். வாசனையே இல்லாமல் துடைத்துவிட்டு வருகிறாள் என்றால் எவ்வளவு கெட்டிக்காரத்தனம் என்று யோசித்தான்.

பூ வாங்கி வந்தான். "வாணாம் மாமா, காத்தால கழட்டித்தான் வெக்கணும்" என்றாள். பவுடரைத் தொடுவதில்லை. கண்ணுக்கு மை வைப்பதில்லை. தனக்காகச் சிங்காரித்துக்கொண்டு நின்றவள் இப்போது மொட்டையாகக் கிளம்பிப் போகிறாள் என்றால், அங்கே எவனோ அதுதான் அழகு என்று சொல்லியிருக்கிறான். வேன் ஓட்டுகிற சுபாஷ் மேல் கண் போயிற்று. கறுப்புக் கண்ணாடி, மடிப்புக் கலையாத சட்டை. ராதிகாவை "அக்கா" என்றுதான் கூப்பிட்டான். அது இன்னும் மோசம் என்று தீனதயாளனுக்குப் பட்டது.

ஒருநாள் பொறுக்கமாட்டாமல், "இன்னா, ஆராய்ச்சிக்குள்ள ஆறு ஓடுதா?" என்று கோணலாகக் கேட்டான்.

"ஆமா, ஓடுது" என்று அவளும் கோணலாகவே சொல்லிவிட்டுப் போனாள்.

வெள்ளிக்கிழமை தாலியைப் பார்த்தான். அவள் குனிந்து கோலப்பொடி டப்பாவை எடுத்தபோது மஞ்சள் கயிறு வெளியே வந்து தொங்கியது. கழுத்துக்குப் பின்னால் இருக்க வேண்டிய முடிச்சு முன்னால் இருந்தது. அதில் அவள் கோத்து வைத்திருக்கிற ஊக்குகள் வரிசை மாறிக் கிடந்தன. கழுத்தோடு கிடக்கிற கயிறு தானாகத் திரும்பாது. கழற்றியிருக்கிறாள். கழற்றி, அவசரத்தில் மாட்டிக்கொண்டு வந்திருக்கிறாள். தீனதயாளன் மாட்டுக் கொட்டகையில் போய் வெகுநேரம் நின்றான். அழுதான் என்றுதான் சொல்ல வேண்டும்.

மறுநாள் அவள் வேன் ஏறிப் போய் ஒரு மணி நேரத்துக்கெல்லாம் வண்டியை எடுத்துக்கொண்டு ஆராய்ச்சிக்குப் போனான். தொப்பி போட்ட கொளஞ்சியப்பன் மகன் வழியில் நின்று விசாரித்ததைக்கூடக் காதில் வாங்கவில்லை. வரவேற்பு மேசைக்கு முன்னால் நின்று போட்டான் ஒரு சத்தம்.

"எங்க வூட்டுக்காரி இங்க யாரோட குளிக்கிறா? தாலிய எவன் கழட்டச் சொன்னான்? எனக்கு இப்பவே தெரியணும்!"

காப்பி எடுத்துப் போனவர்கள் நின்றார்கள். கோட்டு போட்ட டாக்டர்கள் திரும்பிப் பார்த்தார்கள். வாசலில் சாய்ந்திருந்த சுபாஷ் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினான். யாரோ ஓடிப்போய் கலையரசி மேடத்தைக் கூட்டி வந்தார்கள். அவர் கோபப்படவில்லை. பக்கத்து அறைக்கு அழைத்துப்போய் ஒரு திரையைக் காட்டினார். அதில் தலை முதல் கால் வரை வெள்ளை உடுப்பு போட்ட ஒருத்தி தெரிந்தாள். கண் மட்டும்தான் வெளியே. அந்தக் கண் ராதிகாவுடையது. உள்ளங்கையில் ஒரு வெள்ளை எலியை வைத்துக்கொண்டு, ஒற்றை விரலால் அதன் முதுகைத் தடவிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். எலி கண்ணை மூடிக் கிடந்தது. தீனதயாளனை அவள் அப்படித் தொட்டு எத்தனையோ நாளாகியிருந்தது. எலிமேல் அவனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஆம்பளைங்க வாசனை பட்டாலே இந்த எலிங்க மிரளுது. அதுக்கு மேல, நீங்க கழனியில எலி பிடிக்கிறவரு. அந்த எலிகிட்ட இருக்கிற சீக்கு உங்க கையில ஒட்டி, அவங்க மேல ஒட்டி இங்க வந்துச்சுன்னா எங்க வேலை மொத்தமும் போச்சு. அதனாலதான் அவங்க காலையில வந்ததும் தாலி, கம்மல் எல்லாத்தையும் பெட்டியில வெச்சிட்டு, வாசனையில்லாத சோப்பு போட்டு தலையோட குளிச்சிட்டு உள்ள போறாங்க. கடைசியில எடுத்தது எல்லாரும் பொம்பளைங்கதான். அந்தப் பக்கம் ஆம்பளைங்களே கிடையாது."

"அப்ப..." அவன் திரையையே பார்த்துக்கொண்டு கேட்டான். "அவ கழுவிக்கினு வர்றது என்னையா மேடம்?"

மேடம் திரையை அணைத்தார்.

"சரி, சாய்ங்காலம் எதுக்குக் குளிக்கிறா?"

"சாயங்காலம் கட்டாயம் இல்லையே. நாங்க சொல்லல."

கதவண்டை நின்றிருந்த பாவாயிக்குப் பொறுக்கவில்லை. கரியாலூர்க்காரி, மலையிலிருந்து தினமும் வந்துபோக முடியாது என்று வளாகத்து விடுதியிலேயே தங்கி எலிக்கூடத்தில் வேலை செய்கிறவள்.

"நாங்கள்லாம் அப்பிடியேதான் போவோம். இவ ஒருத்திதான் ரெண்டாந்தரமும் குளிச்சிட்டு ஈரத்தலையோட வேனுக்கு ஓடுவா. கேட்டா, எங்க மாமாவுக்கு எலி நாத்தம் ஆவாதுன்னு சொல்லுவா. குளுருதுடி, சளி புடிச்சிக்கும்னு சொன்னா கேக்கவே மாட்டா. நீங்கதான் அந்த மாமாவா?"

தீனதயாளன் திரும்பினான். பாவாயிக்குப் பின்னால் ராதிகா நின்றாள். அவன் போட்ட சத்தம் உள்ளே வரைக்கும் போய்ச் சேர்ந்திருந்தது. உடுப்பைக் கழற்றிவிட்டுச் சேலையோடு வந்திருந்தாள். அழுவாள் என்று எல்லோரும் பார்த்தார்கள். அவள் அழவில்லை. கலையரசி மேடம் மட்டும் அவள் தோளில் கை வைத்து, "ஐதராபாத்துல நடக்கிற எலி பராமரிப்புப் பயிற்சிக்கு உன் பேரைத்தான் முதல்ல எழுதினேன். வீட்டுக்காரருக்குச் சோறு ஆக்க ஆளில்லன்னு மாட்டேன்னுட்ட. இன்னும் யாரையும் போடல ராதிகா" என்றார்.

வீடு திரும்புகிற வழியெல்லாம் தீனதயாளன் லேசாகிப்போனான். எவனும் இல்லை. சுபாஷ் இல்லை, டாக்டர் இல்லை, ஒருத்தனும் இல்லை. தனக்காக, தனக்கே தனக்காக ஒருத்தி தினமும் பச்சைத் தண்ணீரில் நனைந்துவிட்டு வந்திருக்கிறாள். இந்த ஊரில் எவன் பெண்டாட்டி அப்படிச் செய்வாள்? கொளஞ்சியப்பனைக் கூப்பிட்டுச் சொல்ல வேண்டும்போல இருந்தது. பைபாஸில் வண்டியை நிறுத்தி இரண்டு பிரியாணி கட்டச் சொன்னான். எலி வாசனையோடு வந்தாலும் பக்கத்தில் உட்காரவைத்து ஊட்டிவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டான்.

சாயங்காலம் ராதிகா வந்ததும் பொட்டலத்தைப் பிரித்து வைத்தான். அவள் கை கழுவிக்கொண்டு வந்து சாப்பிட்டாள். இவன் மன்னிப்பு என்ற சொல்லை வாய்வரைக்கும் கொண்டுவருவதும் முட்டையோடு சேர்த்து விழுங்குவதுமாக இருந்தான். இலையை மடித்துப் போட்டுவிட்டு, அவள் பரண்மேலிருந்த பையை இறக்கித் தூசி தட்டினாள்.

"ஐதராபாத்துக்கு வரேன்னு மேடமாண்ட சொல்லிட்டேன். மூணு மாசம். ஆபீசுலயே தங்க எடம் குடுக்கறாங்க."

தீனதயாளன் கையிலிருந்த தண்ணீர்ச் சொம்பைக் கீழே வைத்தான். போகாதே என்று சொல்லலாம். தப்புதான் என்று சொல்லலாம். பத்திரமாகப் போய்வா என்றாவது சொல்லலாம். இந்த மூன்றில் எதைச் சொல்லியிருந்தாலும் அவள் பையைத் திரும்பப் பரணில் வைத்திருப்பாள் என்று சொல்ல முடியாது; ஆனாலும் அவன் பக்கம் ஒருதரம் திரும்பியிருப்பாள். அவனும் சொல்லத்தான் வாயைத் திறந்தான். ஆனால் வந்தது அவனுக்குப் பழக்கமானதுதான்.

"கூட யாரு வரா?"

ராதிகா ஒரு சேலையை எடுத்து உதறி, நாலாக மடித்துப் பைக்குள் வைத்தாள்.

"இதுக்குத்தான் போறேன்" என்றாள்.