பியானோக்காரர் வாங்கிய ரஷ்யத் துப்பாக்கிகள்

என் அக்கா லவோனைக் கல்யாணம் செய்துகொண்ட ஆர்லின் ட்வீட்டனுக்குப் பியானோக்களுக்குச் சுருதி சேர்ப்பது தொழில். மேற்கு விஸ்கான்சினில் எங்கள் மெல்பி கிரோவைச் சுற்றியுள்ள தேவாலயம், பள்ளிக்கூடம், பண்ணை வீடு எதுவானாலும் அங்கே இருக்கும் பியானோ அவர் கைபட்டதாகத்தான் இருக்கும். காதுதான் அவருக்குச் சோறு போட்டது. அதனால் காதைக் கைக்குழந்தை மாதிரி பார்த்துக்கொள்வார். சுதந்திர தினத்து வாணவேடிக்கைக்கு ஊரே ஏரிக்கரையில் கூடும்போது அவர் வீட்டு நிலவறையில் தலையணைகளுக்கு நடுவே உட்கார்ந்திருப்பார். யாராவது பலூன் ஊத ஆரம்பித்தால் எழுந்து அடுத்த அறைக்குப் போய்விடுவார்.

இப்படிப்பட்ட மனிதரிடம்தான் பதினான்கு ராணுவத் துப்பாக்கிகள் சேர்ந்தன. வீட்டில் ஒரு தோட்டா கிடையாது.

எல்லாம் காலுறை வாங்கப் போனதில் ஆரம்பித்தது. தொண்ணூறுகளின் நடுவில் ஒரு நாள், பண்ணைச் சாமான் கடைக்கு நானும் அவரோடு போயிருந்தேன். சோவியத் யூனியன் உடைந்து, அதன் கிடங்குகளில் கிடந்த பழைய துப்பாக்கிகள் கப்பல் கப்பலாக வந்து இறங்கிய காலம் அது. கடையில் அவற்றை ஒரு மரப் பீப்பாய்க்குள் விளக்குமாறு மாதிரி நட்டு வைத்திருந்தார்கள். விலையும் ஏறக்குறைய விளக்குமாற்று விலைதான். ஆர்லின் சும்மா ஒன்றை எடுத்து, தோட்டா போகும் அறையைத் திறந்து மூடும் இரும்புத் தாழை இழுத்துத் தள்ளினார். சடக். தலையைச் சாய்த்துக்கொண்டார். மறுபடி இழுத்தார். பிறகு அடுத்த துப்பாக்கி. பிறகு அதற்கடுத்தது. பீப்பாய் முழுவதையும் முடித்தபின் முதலில் இருந்து தொடங்கினார்.

கடைப் பெண் பொறுத்துப் பார்த்துவிட்டு வந்தாள். "சார், வாங்கப் போறீங்களா, இல்ல கச்சேரி பண்ணப் போறீங்களா?"

"ஒவ்வொண்ணும் ஒவ்வொரு சத்தம்மா. இது கேளு. அப்புறம் இது."

"ரெண்டும் டப்பு டப்புன்னுதான் கேக்குது."

ஆர்லின் அவளைப் பரிதாபமாகப் பார்த்தார். காலுறையை மறந்துவிட்டு ஒரு துப்பாக்கியோடு வீட்டுக்கு வந்தார்.

அந்தப் பெண்தான் வினையையும் சொல்லி அனுப்பினாள். ஐம்பது வருஷத்துக்கு மேல் பழசான துப்பாக்கிகளைச் சேர்க்கிறவர்களுக்கென்று அரசாங்கம் ஒரு உரிமம் தருகிறது, அது இருந்தால் மொத்த வியாபாரியிடமிருந்து நேரே வீட்டு வாசலுக்கே வந்து இறங்கும் என்றாள். இரண்டு மாதத்தில் உரிமம் வந்துவிட்டது. அதற்குப் பிறகு நீள நீளமான அட்டைப் பெட்டிகள் வர ஆரம்பித்தன.

லவோனுக்கு அக்கம்பக்கத்தை நினைத்தால் வெட்கம். எதிர்வீட்டில் கேட்டபோது, வாயில் வந்ததைச் சொல்லிவிட்டாள்: "அதுவா, திரைச்சீலைக் கம்பி." பார்சல் வண்டி ஓட்டும் ரோக்ஸானுக்கு உள்ளே இருப்பது என்னவென்று தெரியும், கையெழுத்து வாங்காமல் கொடுக்கக்கூடாதே. அதனால் அவள் வேண்டுமென்றே தெருவெல்லாம் கேட்கிற மாதிரி கத்துவாள்.

"லவோன்! திரைச்சீலைக் கம்பி வந்திருக்கு! ஆர்லினைக் கையெழுத்துப் போட வரச் சொல்லு! இந்தத் தடவை ருமேனியாவிலேர்ந்து!"

"மெதுவாச் சொல்லேன்டி, உனக்குப் புண்ணியமாப் போகும்."

"எனக்கென்ன, என் வீட்டுல ஜன்னல் நாலு. உன் வீட்டுல எத்தனைன்னுதான் ஊர் எண்ணிட்டிருக்கு."

வெட்கத்தைக்கூட அக்கா பொறுத்துக்கொண்டிருப்பாள். மசகைத்தான் பொறுக்க முடியவில்லை. துரு பிடிக்காமல் இருக்க ராணுவம் அந்தத் துப்பாக்கிகளை ஒரு பழுப்பு மசகில் முக்கியெடுத்து ஐம்பது வருஷம் ஊறப் போட்டிருந்தது. தேன் மாதிரி இருக்கும், மெழுகு கலர்ப்பென்சிலும் டீசலும் கலந்த வாடை அடிக்கும், தொட்ட இடத்தைவிட்டுப் போகாது. ஆர்லின் முதலில் குளியல் தொட்டியில் வைத்துக் கழுவினார். குழாய் அடைத்துக்கொண்டது. பிறகு பாத்திரம் கழுவும் இயந்திரத்தில் இரும்புப் பாகங்களைப் போட்டார். ஒரு வாரம் காப்பியில் பீரங்கி வாடை. கடைசியில், மரக்கட்டைக்குள் ஊறியிருக்கும் மசகு சூட்டில்தான் வெளியே வரும் என்று எங்கோ படித்துவிட்டு, அக்கா தேவாலயத்துக்குப் போயிருந்த நேரத்தில் ஒரு துப்பாக்கிக் கட்டையைச் சமையற்கட்டு ஓவனில் வைத்துச் சுட்டெடுத்தார்.

அதே ஓவனில் மறுநாள் லவோன் தேவாலய விருந்துக்காக உருளைக்கிழங்கும் மாட்டிறைச்சியும் போட்டு ஒரு பெரிய தட்டு வேகவைத்தாள். எங்கள் ஊர்க்காரர்கள் யாரையும் முகத்துக்கு நேரே குறை சொல்ல மாட்டார்கள். எல்லோரும் ஒரு கரண்டி போட்டுக்கொண்டார்கள். எல்லோரும் சாப்பிட்டார்கள்.

"வித்தியாசமா இருக்கு, லவோன்" என்றார் போதகர்.

"ஆமா, நல்லா... வித்தியாசமா இருக்கு" என்றாள் அவர் மனைவி.

எங்கள் பக்கத்தில் அந்த வார்த்தைக்கு இதைவிட மோசமான அர்த்தம் இருக்க முடியாது. லவோன் வீட்டுக்கு வந்து கைப்பையைக்கூடக் கீழே வைக்காமல் சொன்னாள்: "ஆர்லின், இனிமே அந்தச் சனியன் ஒண்ணக்கூட நீ கழுவக்கூடாது. வந்தா வந்தபடியே காருக்கொட்டகைல கிடக்கட்டும்."

ஆர்லின் தலையாட்டினார். அன்றுமுதல் வந்த துப்பாக்கிகளில், தாழ் சத்தம் கேட்கிற அளவுக்கு மட்டும் துணியால் துடைப்பார். மிச்சம் அப்படியே இருந்தது.

இப்படியே போயிருந்தால் இதைச் சொல்ல வேண்டிய அவசியமே வந்திருக்காது. ஆனால் அந்த வருஷம் மார்ச்சில் எல்ராய் பாப் இறந்துபோனார். முன்னாள் படைவீரர் சங்கத்தின் துப்பாக்கி அலமாரிக்குச் சாவி அவரிடம்தான் இருந்தது. சீருடையோடு அடக்கம் செய்தோம். ஏப்ரலில் அலமாரியைத் திறக்கப் போனபோதுதான், சாவி சீருடைப் பையிலேயே போய்விட்டது என்று சங்கத் தலைவர் டெல்மர் க்ரோத்துக்கு உறைத்தது. விதவை வெர்டெலிடம் போய் இதை எப்படிச் சொல்வது? அலமாரியோ ராணுவச் சொத்து. உடைப்பதற்கு அனுமதி கேட்டு எழுதினால் கிறிஸ்துமஸுக்குப் பதில் வரும். மே கடைசியில் நினைவு நாள். கல்லறைத் தோட்டத்தில் ஏழு பேர் நின்று மூன்று முறை வானத்தை நோக்கிச் சுட்டு மரியாதை செய்தாக வேண்டும்.

டெல்மர் ஆர்லின் வீட்டுக்கு வந்தார். கொட்டகையில் வரிசையாக நிற்கும் துப்பாக்கிகளைப் பார்த்தார். ஒன்றை எடுத்து, அதில் பொறித்திருந்த நட்சத்திரத்தையும் அரிவாள் சுத்தியலையும் பார்த்தார். முகம் மாறிவிட்டது.

"யோவ் ஆர்லின், இது கம்யூனிஸ்ட் துப்பாக்கி."

"ஆமா."

"கொரியாவுல இதுங்க என்னைப் பாத்துச் சுட்டிருக்கு. இதே ஜாதி!"

"அப்ப இதோட சத்தம் உங்களுக்கு நல்லாத் தெரிஞ்சிருக்குமே" என்றார் ஆர்லின், உண்மையான ஆர்வத்தோடு.

டெல்மர் அந்த நட்சத்திரத்தைக் கட்டைவிரலால் மறைத்துப் பார்த்தார். பிறகு, "சரி. முத்திரை மேல கொடி ஸ்டிக்கர் ஒட்டிக்கலாம்" என்றார். குண்டில்லாத, சத்தம் மட்டும் போடும் தோட்டாக்களைத் தெரிந்த ஒருவர் செய்து கொடுத்தார். ஆர்லின் ஒரே ஒரு நிபந்தனை போட்டார்: தான் வேலிக்கு அந்தப் பக்கம், காதுக் கவசம் போட்டுக்கொண்டு நிற்பேன் என்று.

ஏழாவது ஆளுக்கு இடுப்பு அறுவை சிகிச்சை ஆகியிருந்ததால் என்னைப் பிடித்துப் போட்டார்கள். நான் ராணுவத்தில் இருந்தவன்தான், சமையற்கட்டில்.

மே மாதத்தில் அப்படி ஒரு வெயிலை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. வெள்ளைக் கையுறையோடு ஏழு பேர் வெட்டவெளியில் நின்றோம். போதகர் ஜெபம் செய்தார். பிறகு மேயர் பேசினார். பிறகு மாவட்டத்திலிருந்து வந்த ஒருவர் பேசினார். அவர் பேச்சின் நடுவில் என் கைக்குள் ஏதோ நெளிகிற மாதிரி இருந்தது. குனிந்து பார்த்தேன். துப்பாக்கி வியர்த்துக்கொண்டிருந்தது. மரக்கட்டைக்குள் ஐம்பது வருஷம் உறங்கிய மசகு வெயிலில் உருகிப் பொட்டுப் பொட்டாக வெளியே வந்து, கையுறையை நனைத்து, முழங்கை வழியாகச் சட்டைக்குள் இறங்கியது. பக்கத்தில் நின்ற கிழவர் உதட்டை அசைக்காமல் கேட்டார்:

"டுவேன், உன்னுதும் ஒழுகுதா?"

"ஒழுகுது."

"நல்ல வேளை. நான் எனக்குத்தான் உடம்புக்கு ஏதோன்னு நினைச்சேன்."

யாரோ கூட்டி வந்திருந்த நாய் ஒன்று வரிசையில் வந்து ஒவ்வொருவர் பூட்ஸையும் நக்கிப் பார்த்துவிட்டுப் போனது.

டெல்மர் கட்டளையிட்டார். சுட்டோம். அந்தச் சத்தத்தை எப்படிச் சொல்ல? அலமாரியில் இருந்த சங்கத்துத் துப்பாக்கிகள் நாகரிகமாகப் பட்டென்று வெடிக்கும். இவை ஏழும் சேர்ந்து வாய்க்கு வாய் நெருப்புப் பந்து கக்கி, வரிசையாக நின்ற கார்களின் அலாரத்தையெல்லாம் கிளப்பிவிட்டன. மேயர் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"அடுத்தது!" என்றார் டெல்மர். தாழை இழுத்தேன். வரவில்லை. உள்ளே மசகு சூட்டில் பிசின் மாதிரி பிடித்துக்கொண்டிருந்தது. இந்தப் பக்கம் பார்த்தால் ஒருவர் துப்பாக்கியைத் தரையில் ஊன்றி பூட்ஸ் காலால் தாழை உதைத்துக்கொண்டிருந்தார். அந்தப் பக்கம் ஒருவர் தன் சொந்த மாமனாரின் கல்லறைக் கல்லில் தட்டிக்கொண்டிருந்தார். மூன்று முறையும் முடிந்துவிட்டது என்று நினைத்து எக்காளம் ஊதும் பெண் சோக ராகத்தை ஆரம்பித்தாள். டெல்மர் முறைத்ததும் பாதியில் நிறுத்தினாள்.

அப்போது வேலிக்கு அந்தப் பக்கமிருந்து ஆர்லின் ஓடிவந்தார். கையில் பியானோ வேலைக்கான ரப்பர் சுத்தியல். காதுக் கவசம் போட்டிருந்ததால் டெல்மர் "போய்யா அந்தப் பக்கம்!" என்று கத்தியது அவருக்குக் கேட்கவே இல்லை. முதல் ஆள் முன்னால் நின்று, தாழில் ஒரு தட்டு. திறந்தது. அடுத்த ஆள். ஒரு தட்டு. ஒவ்வொருவர் முன்னாலும் ஒரு கணம் நின்று, தலையைச் சாய்த்து, இடம் பார்த்து, ஒரே தட்டு. அவ்வளவு பயபக்தியாக இருந்தது பார்க்க. கூட்டத்தில் இருந்தவர்கள் இதுவும் சடங்கில் ஒரு பகுதி என்று நினைத்து நெஞ்சில் கை வைத்துக்கொண்டார்கள். சிலர் தொப்பியைக் கழற்றினார்கள்.

இரண்டாவது முறை ஆளுக்கொரு நேரத்தில் வெடித்தோம். மறுபடி ஆர்லின் வரிசையில் வந்தார். மூன்றாவது முறையும் ஆயிற்று. எக்காளப் பெண் முதலிலிருந்து ஊதினாள். அவள் கண்ணில் நீர் வழிந்தது, அது சிரிப்பா அழுகையா என்று அவளுக்கே தெரிந்திருக்காது.

சங்கக் கூடத்தில் மதியச் சாப்பாடு. ஆர்லின் வரவில்லை. டெல்மர் ஒரு பியரைக் குடித்துத் தைரியம் வரவழைத்துக்கொண்டு வெர்டெலிடம் போய் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார்: சாவி, சீருடைப் பை, இந்தத் துப்பாக்கிகள்.

வெர்டெல் அவரையே பார்த்தாள். "சாவியா? அது என் சமையற்கட்டு ஆணியிலதானே தொங்குது. புதைக்கறதுக்கு முன்னாடியே பையில இருந்ததையெல்லாம் எடுத்துக் கொடுத்துட்டாங்களே. கேட்டிருக்க வேண்டியதுதானே?"

"எப்படிக் கேக்கறதுன்னு..."

"நல்லதாப் போச்சு, கேக்காதது. எல்ராய் இருந்திருந்தா இன்னைக்கு விழுந்து விழுந்து சிரிச்சிருப்பார். அந்தச் சுத்தியல்காரர் எங்க? சாப்பிட்டாரா?"

ஆர்லின் கொட்டகையில் ஒரு பெட்டிமேல் உட்கார்ந்திருந்தார். நானும் டெல்மரும் பன்றித் தொடைக்கறி ரொட்டியோடு போனபோது நிமிர்ந்து பார்க்கவில்லை.

"செத்தவங்களை அவமானப்படுத்திட்டேன், டெல்மர். உரிமத்தைத் திருப்பி அனுப்பிடறேன்."

"அனுப்பிட்டு?" என்றார் டெல்மர். "அடுத்த வருஷமும் இதே துப்பாக்கிதான் வேணும்னு மூணு பேர் இப்பவே என்கிட்ட சொல்லிட்டாங்க. மேயர் மட்டும் வேணாங்கறார், அவர் வேணும்னா எதிர்த்து ஓட்டுப் போட்டுக்கட்டும். இந்தா, சாப்பிடு. காது எப்படி இருக்கு?"

"இரையுது" என்றார் ஆர்லின். கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "ஆனா கடைசியில நின்னவரோட துப்பாக்கி இருக்கே, அது நல்ல துப்பாக்கி."

சாவி இருந்தும் அலமாரியை அவர்கள் திறக்கவில்லை. அடுத்த ஆறு வருஷம் எங்கள் ஊரில் நினைவு நாள் அப்படித்தான் நடந்தது. பக்கத்து ஊர்களிலிருந்து மடக்கு நாற்காலியோடு வந்து பார்த்தார்கள். ராணுவத்தில் ஒரு நாள்கூட இருந்திராத ஆர்லினுக்குச் சங்கத்தில் தொப்பி கொடுத்து, தாழ் அதிகாரி என்று ஒரு பதவியும் உண்டாக்கினார்கள். லவோன்கூட அந்தத் தொப்பியைத் தேய்த்து வைப்பாள்.

வயதானதும் இரண்டு பேரும் லா கிராஸ் நகரத்தில் அடுக்குமாடிக் குடியிருப்புக்குப் போனார்கள். அங்கே துப்பாக்கி வைக்க அனுமதி இல்லை. ஒரு பல் டாக்டர் வாங்க வந்தார். ஆர்லின் அவரை உட்காரவைத்து, ஒவ்வொன்றின் தாழையும் இழுத்துக் காட்டினார். டாக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"இதெல்லாம் சுடுமில்ல?"

"சுடும்" என்றார் ஆர்லின் வருத்தமாக. பிறகு மூன்றைத் தனியே ஒதுக்கினார். "இது மூணும் சரியில்ல, டாக்டர். உங்களை ஏமாத்த மாட்டேன்."

டாக்டர் பதினொன்றை ஏற்றிக்கொண்டு நன்றி சொல்லிவிட்டுப் போனார். அந்த மூன்றும் இப்போது என் கொட்டகையில் இருக்கின்றன. சனிக்கிழமைதோறும் ஆர்லின் காரில் வந்து, மூன்றையும் வரிசையாக இழுத்துக் கேட்டுவிட்டு, ஒரு காப்பி குடித்துவிட்டுப் போகிறார். நடுவில் இருப்பது இந்தக் குளிர்காலத்தில் கொஞ்சம் சுருதி இறங்கிவிட்டதாம். எனக்கு மூன்றும் ஒன்றுபோலத்தான் கேட்கிறது.