கோலத்தில் போன ஆராய்ச்சி

இதை எழுதலாமா வேண்டாமா என்று ஆறு வருடமாக யோசித்துக்கொண்டே இருந்தேன். சாணி விஷயத்தைப் போய்ப் பத்திரிகைக்கு எழுதுவதா என்ற கூச்சம்தான். மகளே "எழுதும்மா" என்று சொல்லிவிட்டதால் எழுதுகிறேன்.

எங்கள் வீடு ஸ்ரீவில்லிபுத்தூரில். மதுரையில் மரபணு ஆராய்ச்சிப் படிப்பில் நாலாவது வருடம் இருந்த என் மகள், ஆறு வருடத்துக்கு முந்தைய மார்கழியில் வீட்டுக்கு வந்திருந்தாள். ராஜபாளையம் அய்யனார் கோவில் பக்கம், மலையடிவாரத்து மாட்டுக் கிடைக்குப் போய்விட்டு வந்தவள், ஒரு தெர்மாகோல் பெட்டியைப் பின்வாசலில் வைத்துவிட்டுப் படுத்துவிட்டாள்.

விடியற்காலை கோலம் போட எழுந்த நான் பெட்டியைத் திறந்து பார்த்தேன். ஐஸுக்கு நடுவே பதினோரு கவர். ஒவ்வொன்றிலும் எலுமிச்சம்பழ அளவு சாணி. பூசணிப்பூ வைக்கச் சாணி கிடைக்காமல் நான் அலைவதைப் பார்த்து மகளே தேடிக் கொண்டுவந்திருக்கிறாள் என்று எனக்குக் கண் கலங்கிவிட்டது. எங்கள் ஊர்க் கோயில் தாயாரை நினைத்துக்கொண்டு பதினொன்றையும் உருட்டி, பூ செருகி, வாசலை நிறைத்துவிட்டேன்.

ஏழு மணிக்கு மகள் அலறினாள். "எம்மா, பெட்டியில இருந்த கவரெல்லாம் எங்க?"

"கழுவிக் கொடியில காயப் போட்ருக்கேன்ட்டி. நல்ல கவரு."

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "வாசல்லதான இருக்கு, அள்ளிக்கோ" என்றேன்.

"எது எந்த மாட்டோடதுன்னு தெரியாதேம்மா!"

"சாணியில என்னட்டி, மாட்டுக்கு மாடு வித்தியாசம்?"

"அதத்தாம்மா நாலு வருசமாப் படிக்கேன்."

அன்று பத்து மணிக்கு அந்த மாடுகளுக்கு வயிற்றுப் பூச்சி மருந்து ஊற்றப் போகிறார்களாம். ஊற்றிவிட்டால் சாணி உதவாது, இன்னும் ஒரு வருடம் போய்விடும் என்று அழுதாள். அவள் ஸ்கூட்டரில் நானும் ஏறிக்கொண்டேன்.

கிடையில் ஒன்பதரைக்குள் பத்து மாட்டுச் சாணி சேர்ந்துவிட்டது. பதினோராவது ஒரு செவலை. அசைவேனா என்று நின்றது. என் கையை நம்பாத மகள் இரண்டு கையுறை மாட்டிவிட்டிருந்தாள். அந்தக் கையில் கவரோடு செவலைக்குப் பின்னாலேயே நின்றேன்.

மருந்தோடு காத்திருந்த கிடைக்காரர் சொன்னார், "மதினி, இப்பிடி உத்துப் பாத்தா அதுக்கு வெக்கமா இருக்காதா? செத்த அங்கிட்டுத் திரும்புங்க."

திரும்பி, மலையைப் பார்த்துக் கும்பிட்டேன். "அய்யனாரே, பிள்ள படிப்பு என்னால கெட்டுரக் கூடாது." கண்ணைத் துடைத்துக்கொண்டு மகளிடம் கேட்டேன், "இதுல என்னத்தட்டி தேடுத?"

மலையில் மேய்கிற மாட்டுக்குக் காய்ந்த புல்லும் முள்ளுமே செரிக்கிறதே, அதன் வயிற்றில் எந்தக் கிருமி அந்த வேலையைச் செய்கிறது, அதன் மரபணுவில் என்ன இருக்கிறது என்று அவள் சொல்லச் சொல்ல நான் வாய் பிளந்து கேட்டேன். பாதியில் பின்னால் தொப்பென்று சத்தம்.

"பாடம் நடத்துனாத்தான் இதுக்கு வருதாக்கும்!" என்று கைதட்டினார் கிடைக்காரர்.

மகள் இப்போது பட்டம் வாங்கிவிட்டாள். எங்கள் தெருவில் இந்தச் சம்பவத்தைச் சொல்கிறவர்கள், நான் சாணியில் வழுக்கி விழுந்ததாகவும் சேர்த்துவிட்டார்கள். நான் விழவில்லை. நீங்கள் யாரிடமாவது சொல்வதானால் கூட்டாமல் குறைக்காமல் நடந்தபடியே சொல்லுங்கள். பிள்ளை படிப்பு நல்லபடியாக முடியவேண்டும் என்று நாலு வருடம் கோயிலில் விளக்குப் போட்ட நான், அது என்ன படிப்பு என்று அன்றுவரை ஒரு நாளும் கேட்டதில்லை; அதையும் விட்டுவிடாமல் சொல்லுங்கள்.