உளுந்துச் சாலையில் ஓரம்

ஏப்ரல் 3, வியாழன். காலை 5.26.

சென்னையிலிருந்து வரும் ரயில் ஆறு நிமிடத் தாமதத்தில் தஞ்சாவூருக்கு வந்து நின்றது. இறங்கிய கூட்டத்தில் இவாமுராவைக் கண்டுபிடிப்பது கடினமாக இல்லை. வயது ஐம்பத்தெட்டு, முழங்கைவரை மடித்த வெள்ளைச் சட்டை, ஒரே ஒரு பை. குனிந்து வணங்கினார். நானும் குனிந்தேன்.

மூன்று ஆண்டுகளுக்கு முன்புவரை நான் சென்னைக்கு வெளியே ஒரு ஜப்பானிய உதிரிபாகத் தொழிற்சாலையில் மொழிபெயர்ப்பாளன். இருபத்திரண்டு வருட வேலை. அங்கிருந்த பழைய மேலாளர் ஒருவர்தான் இவரை என்னிடம் அனுப்பி வைத்தார். இவாமுரா டூரிங் கார் பந்தயக்காரர். நாம் சாலையில் பார்க்கிற குடும்பக் கார்களையே வாங்கி, உள்ளே இருக்கும் மெத்தை, சீட்டு எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு, இரும்புக் கூண்டு கட்டி ஓட்டும் பந்தயம் அது. சென்னைப் பக்கம் இளம் ஓட்டுநர்களுக்குப் பயிற்சி கொடுக்க வந்தவருக்கு இரண்டு நாள் மிச்சம். அதில் நெல்வயல் பார்க்க வேண்டும் என்றாராம். அவருடைய வீடு நெல் விளைவிக்கும் வீடு. இப்போது அண்ணன் பார்த்துக்கொள்கிறார்.

"ஏப்ரலிலா?" என்று நான் அப்போதே கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

காலை 7.40. திருக்காட்டுப்பள்ளி.

வாடகைக் காரை ஓட்டியவர் செல்வம். தஞ்சாவூர்க்காரர், முப்பத்தைந்து வயது இருக்கும். கிலோமீட்டருக்குப் பதினாறு ரூபாய் என்று பேசியிருந்தோம். காவிரிக் கரையில் நிறுத்தினார். ஆற்றில் மணல்தான் இருந்தது. மேட்டூரை ஜனவரிக் கடைசியில் மூடிவிட்டால் ஜூன்வரை இப்படித்தான் என்று நான் விளக்கினேன். வயல்களில் நெல்லுக்குப் பதில் அறுத்த தாளும் நடுவே குட்டையாக உளுந்துச் செடிகளும். நெல் பார்க்கக் கடல் தாண்டி வந்தவருக்கு நெல் இல்லை. மன்னிப்புக் கேட்டேன்.

"என் அண்ணனும் நெல்லுக்குப் பிறகு சில வருடம் சோயா போடுவார். மண்ணுக்கு நல்லது என்பார்" என்றார் இவாமுரா. சொன்னதோடு நிற்காமல் வரப்பில் இறங்கி ஒரு நெற்றை உரித்துப் பார்த்தார்.

திரும்பும் வழியில் செல்வத்துக்கு அடக்க முடியவில்லை.

"சார், கேளுங்க சார். இவரு எவ்வளவு வேகம் போவாராம்?"

கேட்டேன். நேர்ப்பாதையில் இருநூற்று நாற்பது என்றார்.

"இரநூத்தி நாப்பதா! நம்ம அம்மாபேட்டை ரோட்டுல நாப்பது போனாலே பல்லு ஆடுது."

நான் கேட்டது வேறு கேள்வி. மொத்தம் எத்தனை பந்தயம்?

"முடித்தவை முந்நூற்றுப் பன்னிரண்டு" என்றார். "தொடங்கியவை அதைவிட அதிகம்."

இருபத்து நான்கு வயதில் ஒரு மழைநாளில் முதல் பந்தயம். இது முப்பத்து நான்காவது வருடம். ஆண்டுக் கோப்பையில் மூன்று முறை இரண்டாம் இடம். முதலிடம் ஒருபோதும் இல்லை. நாற்பத்தொன்றில் ஒரு தடுப்புச் சுவரில் மோதிக் கணுக்கால் முறிந்தது. ஏழு மாதம் கழித்துத் திரும்பி வந்தார். இதையெல்லாம் ஒரு பேருந்து நேர அட்டவணையை வாசிப்பதுபோலச் சொன்னார்.

கடைசியில் சொன்னதுதான் அவரை உறுத்திக்கொண்டிருந்த விஷயம். அவருடைய குழு இந்த வருடம் அவர் ஓட்டிவந்த பெரிய காரை ஓர் இளைஞருக்குக் கொடுத்துவிட்டது. இவருக்குச் சிறிய காரைத் தர முன்வந்திருக்கிறது. அந்தப் பந்தயங்களில் பெரிய கார்களும் சிறிய கார்களும் ஒரே பாதையில், ஒரே நேரத்தில் ஓடும். சிறிய காருக்கு நாள் முழுக்க நீலக் கொடி காட்டுவார்கள். பின்னால் வேகமான வண்டி வருகிறது, வழி விடு என்று பொருள்.

"பாதையின் நடுவே சுத்தமான ஒரு தடம் உண்டு. அதில்தான் சக்கரம் பிடிக்கும். ஓரத்தில் எல்லாம் தேய்ந்த ரப்பர் துகள், மணல். வழுக்கும். முப்பத்து நான்கு வருடம் நான் ஓரத்துக்குப் போகாமல் இருக்கக் கற்றுக்கொண்டவன். இனி ஓரத்தில்தான் ஓட வேண்டும்."

மறுத்து ஒரு கடிதம் கைப்பேசியில் எழுதி வைத்திருந்தார். பதினொரு வரி, மிக மரியாதையானது. அனுப்பினால் அவருடைய பந்தய வாழ்க்கை முடிந்தது. நாளை மாலை ஜப்பான் நேரம் ஆறு மணிக்குள் பதில் சொல்ல வேண்டும். நமக்கு அது பிற்பகல் 2.30. குறித்துக்கொண்டேன்.

ஏப்ரல் 4, வெள்ளி. காலை 11.35. நீடாமங்கலம்.

தஞ்சாவூரிலிருந்து எங்கள் வண்டி மீட்டரில் முப்பத்தொரு கிலோமீட்டர். ரயில்வே கேட் மூடியிருந்ததால் பதினாறு நிமிடம் நின்றோம். காபி இருபது ரூபாய். இவாமுரா சூடான டம்ளரைத் துணியால் பிடித்துக் குடித்தார். தென்கிழக்கில் மேகம் கட்டியிருந்தது. அவர் மூன்று முறை கைப்பேசியை எடுத்துப் பார்த்துவிட்டு உள்ளே வைத்தார்.

வலங்கைமான் போகும் சாலையில் பாலம் வேலை. வாய்க்கால் ஓரமாகப் போகும் கிராமச் சாலையில் திரும்பினோம்.

12.10.

"தோமாரே!" என்று இவாமுரா கத்தினார். நிறுத்து என்று அர்த்தம். இரண்டு நாளில் அவர் குரல் உயர்ந்தது அப்போதுதான். செல்வத்துக்கு ஜப்பான் மொழி தெரியாது. ஆனாலும் பிரேக்கை மிதித்துவிட்டார்.

எதிரே சாலையின் முழு அகலத்துக்கும் அறுத்த உளுந்துச் செடி காயப் போட்டிருந்தது. நான் நடந்து அளந்தேன், எழுபத்திரண்டு தப்படி நீளம். தலையில் துண்டு கட்டிய ஐம்பது வயதுப் பெண் ஒருவர் கையில் குச்சியுடன் ஓடி வந்தார்.

"ஏத்துங்க தம்பி! ஏன் நின்னுட்டீங்க?"

"அக்கா, இவரு ஜப்பான்காரரு. சாப்பாட்டுப் பொருள் மேல வண்டிய ஏத்தக் கூடாதுங்கிறாரு" என்றார் செல்வம், நான் மொழிபெயர்த்ததைக் கேட்டு.

"ஏத்துனாத்தான சாப்பாடு! ஏன், ஜப்பான்ல உளுந்து கிடையாதா?"

"இட்லியே கிடையாதுக்கா."

"அட பாவமே" என்று அந்த அம்மா இவாமுராவை உண்மையான இரக்கத்தோடு பார்த்தார்.

பெயர் வசந்தா. மூன்று மா, அதாவது ஒரு ஏக்கர், குத்தகைக்கு எடுத்துப் போட்ட உளுந்து. வண்டிகள் மேலே ஏறிப் போனால் நெற்று உடைந்து பருப்பு உதிரும். அதற்காகத்தான் சாலையில் பரப்புவது. பாலம் வேலை என்றால் எல்லா வண்டியும் இந்தப் பக்கம்தான் வரும் என்று கணக்குப் போட்டுப் பரப்பியிருக்கிறார். மற்றவர்கள் எல்லோரும் வேறு பெரிய சாலையில் சுற்றிக்கொண்டு போய்விட்டார்கள். காலையிலிருந்து வந்தது ஆறு மோட்டார் சைக்கிள். இப்போது மேகம் வேறு.

"நனைஞ்சா கறுத்துப் போயிடும் சார். யாவாரி தொடக்கூட மாட்டான். கொஞ்சம் முன்னயும் பின்னயும் போயிட்டு வரச் சொல்லுங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

செல்வம் தயங்கினார். காய்ந்த செடி வண்டிக்கு அடியில் சிக்கிச் சைலன்சர் சூட்டில் பற்றிக்கொள்ளும். அப்படி எரிந்த கார் ஒன்றை அவரே பார்த்திருக்கிறார். நான் இதைச் சொன்னதும் இவாமுரா வெள்ளைச் சட்டையோடு தார்ச் சாலையில் மல்லாந்து படுத்து வண்டிக்கு அடியில் தலையை விட்டார். எழுந்து, ஐந்து நடைக்கு ஒரு முறை நிறுத்தி அடியில் சிக்கியதை எடுத்துவிட்டால் ஆபத்தில்லை, தண்ணீர்க் குடம் ஒன்று அருகில் இருக்கட்டும் என்றார். பிறகு பையிலிருந்து சர்வதேச ஓட்டுநர் உரிமத்தை எடுத்துச் செல்வத்திடம் இரண்டு கையாலும் நீட்டினார்.

செல்வம் அதைப் புரட்டிப் பார்த்தார். "ரேஸ்காரர் கையில என் வண்டி. வீட்டுல சொன்னா நம்ப மாட்டாங்க. ஓட்டச் சொல்லுங்க சார்."

12.30.

மணிக்கு எட்டு கிலோமீட்டர் வேகம். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். போவார், திரும்புவார், வருவார். பத்து நடை முடிந்ததும் இரண்டாம் முறையாக இறங்கி அடியில் பார்த்தார். நான் சாலையைப் பார்த்தேன். பத்து நடைக்கும் சேர்த்து இரண்டே கோடுகள். ஒவ்வொன்றும் டயர் அகலம், கூட இரண்டு விரல். அவ்வளவு துல்லியமாக ஒரு மனிதர் ஓட்டி நான் பார்த்ததில்லை. ரசித்துக்கொண்டே மறுபடி ஏறினேன்.

பதினோராவது நடையில் வசந்தா இரண்டு கையையும் ஆட்டிக்கொண்டு கத்தினார்.

"ஓரம் போகச் சொல்லுங்க சார்! ஓரம்! ஓரம்!"

நான் யோசிக்காமல் மொழிபெயர்த்தேன்: "வழி விடச் சொல்கிறார்."

இவாமுரா அந்தக் கணமே வண்டியைச் சாலையிலிருந்து மண்ணில் இறக்கி நிறுத்தினார். கண்ணாடியில் பின்னால் பார்த்தார். ஒரு வெள்ளாடு நின்றுகொண்டிருந்தது.

"யார் வருகிறார்கள்?"

"யாரும் வரவில்லை" என்றேன். என் தவறு அப்போதுதான் எனக்கு உறைத்தது.

வசந்தா வந்து சேர்ந்தார். "ஓரத்துல ஓட்டுங்கன்னா ஓரமா ஒதுங்கி நிக்கிறாரே! ஒரே தடத்துல பத்து வாட்டி போனா அங்க மாவாப் போயிடும், இங்க அப்படியே கெடக்கும். ஓரத்துல கெடக்குறதும் உளுந்துதான சார்?"

செல்வம் வாய்க்கால் மதகைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நான் இவாமுராவிடம் மன்னிப்புக் கேட்டு விளக்கினேன். எங்கள் மொழியில் விலகு என்பதற்கும் ஓரம் என்போம், விளிம்பு என்பதற்கும் ஓரம் என்போம். நான் முதலாவதைச் சொல்லிவிட்டேன். வசந்தா கேட்டது இரண்டாவது. பிறகு அவர் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன்.

இவாமுரா ஸ்டீயரிங்கிலிருந்து கையை எடுக்காமல் என் பக்கம் திரும்பினார்.

"இரண்டுக்கும் ஒரே சொல்லா?"

"ஒரே சொல்தான்."

வண்டியைச் சாலையில் ஏற்றினார்.

ஓரத்தில் ஓட்டுவது அவருக்கு எளிதாக இல்லை. இடது சக்கரம் தாரின் விளிம்பிலிருந்து நான்கு விரல் தள்ளி. ஒவ்வொரு நடைக்கும் அரை டயர் அகலம் உள்ளே நகர வேண்டும். இரண்டு முறை அவரை அறியாமல் வண்டி நடுத்தடத்துக்குச் சரிந்தது. இரண்டு முறையும் வசந்தா கையைத் தட்டி "ஓரம்!" என்றார். மூன்றாம் முறை சரிந்தபோது அவர் கை தட்டுவதற்கு முன்பே இவாமுரா தமக்குத்தாமே "ஓராமு" என்று சொல்லித் திருத்திக்கொண்டார். நானும் இறங்கிவிட்டேன்; செல்வமும் நானும் குச்சியால் செடியைப் புரட்டிக் கொடுத்தோம். நான் புரட்டியது சரியில்லை என்று வசந்தா இரண்டு முறை மறுபடி புரட்டினார்.

1.25.

முப்பத்தெட்டு நடை. செடியை உதறி ஒதுக்கினால் தார் தெரியாமல் கறுப்பாக உளுந்து. மேகத்தோடு வந்த காற்றிலேயே வசந்தா தூற்றினார். ஒன்றே முக்கால் மூட்டை. இரண்டு மூட்டையையும் தார்ப்பாய்க்குள் இழுத்துக் கட்டி முடித்தபோது மணி 2.06. முதல் தூறல் 2.09க்கு விழுந்தது. எல்லோரும் காருக்குள் ஏறிக்கொண்டோம்.

"என்ன வேலை பாக்குறாரு அய்யா?" என்று வசந்தா கேட்டார்.

"கார் ஓட்டுறதுதாங்க வேலை. முப்பத்து நாலு வருஷமா" என்றேன்.

வசந்தா நம்பாமல் என்னைப் பார்த்தார். "வந்தப்ப ஒண்ணும் தெரியல. இப்ப பரவால்ல, கத்துக்கிட்டாரு. இன்னும் ரெண்டு நாள் இருக்கச் சொல்லுங்க, எள்ளு இருக்கு."

நான் மொழிபெயர்த்தேன். இவாமுரா முதலில் சிரித்தார். பிறகு இருக்கையில் திரும்பி, இடமில்லாத இடத்தில் முடிந்தவரை குனிந்து அவரை வணங்கினார்.

பிறகு கைப்பேசியை எடுத்தார். பதினொரு வரியையும் அழித்தார். இரண்டு வரி எழுதி என்னிடம் காட்டினார்: 'சிறிய காரை ஓட்டுகிறேன். முதல் பந்தயத்துக்கு முன் பாதையின் ஓரத்தில் மட்டும் ஓட்டிப் பழக எனக்கு ஒரு நாள் வேண்டும்.'

அனுப்பியது 2.24க்கு. ஆறு நிமிடம் மிச்சமிருந்தது. மழை 2.40க்கு விட்டது.

மாலை 5.45. தஞ்சாவூர் புதிய பேருந்து நிலையம்.

திருச்சி விமான நிலையத்துக்குச் செல்வத்தின் வண்டியிலேயே போகலாம் என்றேன். பேருந்தில் முன் இருக்கையில் உட்கார்ந்து ஓட்டுநரைப் பார்க்க வேண்டும் என்றார். வசந்தா கட்டிக் கொடுத்த ஒரு படி உளுந்தை என்னிடம் தந்துவிட்டார்; விதைகளை ஜப்பானுக்குள் கொண்டுபோக முடியாது. அது என் வீட்டில் நாளைக்கே ஊறிவிடும். கல் இருக்காது என்று நான் உறுதியாகச் சொல்ல முடியும்.

எனக்கு ஐம்பத்து நான்கு வயது. வேலையை விட்ட பிறகு, யார் ஹாரன் அடித்தாலும் என்னைத்தான் விலகச் சொல்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு மூன்று வருடமாக இந்த ஊரில் நடந்து வருகிறேன். ஓரம் என்ற சொல்லுக்கு இன்னொரு பொருள் இருப்பதை இருபத்திரண்டு வருடம் மொழிபெயர்த்தவன் மறந்திருந்தேன்.

பேருந்து ஒன்று பின்னோக்கி வந்தது. நடத்துநர் அதன் பக்கவாட்டில் தட்டிக்கொண்டே கத்தினார்: "ஓரம், ஓரம்! ஓரம் போங்க சார்!"

நான் மொழிபெயர்க்க வாயைத் திறப்பதற்குள் இவாமுரா என் முழங்கையைப் பிடித்து என்னையும் இழுத்துக்கொண்டு ஒதுங்கிவிட்டார். பேருந்து எங்களைக் கடந்து நின்றது. திருச்சி என்று பலகை. பையைத் தோளில் மாட்டிக்கொண்டே கேட்டார்:

"இது எந்த ஓராமு?"