அவசரம் என்று நினைத்தேன்

விமான் நகரில் ஓர் ஓட்டலில் அறைகளைச் சுத்தம் செய்யும் வேலை எனக்கு. பதினாறு வருஷம் ஆகிறது. மூன்றாவது மாடி சூப்பர்வைசர் விலகிப் போன பிறகு, நாலு வருஷமாக அந்த மாடியை நான்தான் பார்த்துக்கொண்டேன். சாவிக்கொத்து என் இடுப்பில் இருந்தது. பதவிதான் என் பேரில் இல்லை. போன வருஷம் நிர்வாகத்தில் சொல்லிவிட்டார்கள்: தேர்வில் தேறிச் சான்றிதழ் வாங்குகிறவருக்குத்தான் இனி அந்தப் பதவி. நான் தேறினால் எனக்கே.

நான் எட்டாவது வரை படித்தவள். வேலூர்ப் பக்கத்திலிருந்து வடக்கே இந்த ஊருக்கு, தாபோடிக்கு வாழ்க்கைப்பட்டு வந்த பிறகுதான் இந்தி. பஸ் போர்டுகளைப் பார்த்து எழுத்தைக் கற்றேன்; காய்கறிக்காரரிடம் பேரம் பேசிப் பேச்சைக் கற்றேன். தேர்வுக்காக மூன்று மாதம் ஞாயிறு தவறாமல் வகுப்புக்குப் போனேன். எந்தக் கறைக்கு எந்த மருந்து, தீப்பிடித்தால் என்ன செய்ய வேண்டும், எல்லாம் மனப்பாடம். செவ்வாய்க்கிழமை ஒரு வேளைச் சாப்பாடுதான். தேர்வன்று விளக்கேற்றி, "முருகா, என் நாக்குல வந்து நில்லுப்பா" என்று வேண்டிக்கொண்டு, விபூதி இட்டுக் கிளம்பினேன்.

தேர்வெடுக்க வெளியிலிருந்து ஒரு பெண் டேப்லெட்டோடு வந்திருந்தாள். என் மகள் வயதுதான் இருக்கும். கட்டிலுக்கு விரிப்புப் போடச் சொன்னாள். போட்டேன். ஒரு சுருக்கம் இல்லை. "பஹுத் படியா, ஆண்ட்டி" என்று பாராட்டினாள். அடுத்து வாய்மொழிக் கேள்விகள். டேப்லெட்டில் இருந்ததை அப்படியே வாசித்தாள்.

"அவ்ஸர் ஆனே பர் ஆப் க்யா கரேங்கி?"

அவசரம் வந்தால் என்ன செய்வீர்கள். இதைத்தானே அத்தனை ஞாயிறும் படித்தேன்! மூச்சு விடாமல் ஒப்பித்தேன். அலாரம் அடிப்பேன். ஒவ்வொரு கதவையும் தட்டுவேன். ஒருவரையும் லிஃப்டில் ஏற விடமாட்டேன். எல்லாரையும் படிக்கட்டு வழியாக வெளியே அனுப்பிவிடுவேன்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "ஸப்கோ பாஹர்?" எல்லாரையும் வெளியேவா என்று கேட்டாள்.

"ஹாங், ஸப்கோ பாஹர்" என்றேன் பெருமையாக.

உதட்டைக் கடித்துக்கொண்டு எதையோ தொட்டாள். அடுத்த கேள்விக்குப் போய்விட்டாள். வெளியே இன்னும் பதினோரு பேர் காத்திருந்தார்கள்.

சாயங்காலம் வீட்டில் எல்லாவற்றையும் ஒப்பித்துக் காட்டினேன். மகள் போனிலிருந்து தலையைத் தூக்கினாள்.

"அம்மா, அவ்ஸர் மத்லப் சான்ஸ். புதுசா எதுனா கத்துக்க சான்ஸ் வந்தா நீ என்னா பண்ணுவேன்னு கேட்டிருப்பாங்க. எமர்ஜென்சி இல்ல."

என் வீட்டுக்காரர் டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். "இன்னாடி இது! சான்ஸ் வந்தா அலாரம் அடிச்சி அத்தினி பேரையும் தொரத்திடுவேன்னு சொல்லிட்டு வந்துக்கினியா?"

"நீங்க இங்கயே கட்கியில பொறந்து இந்தி பேசி வளந்தவரு, சிரிப்பீங்க. கடையில மௌக்கான்றான், சான்ஸுன்றான். எவன் எங்கிட்ட அவ்ஸர்னு சொன்னான்?"

அவர் சிரிப்பை நிறுத்தினார்.

பத்து நாள் கழித்து முடிவு வந்தது. கை வேலையில் முழு மதிப்பெண். வாய்மொழியில் தேறவில்லை. காரணம் என்ற கட்டத்தில் இருந்ததை எழுத்துக் கூட்டி வாசித்தேன்: "ஸீக்னே மே ருசி நஹீங்." கற்றுக்கொள்வதில் ஆர்வம் இல்லையாம். இந்தியில் ருசி என்றால் ஆர்வம். எனக்குத் தெரிந்த ருசி நாக்கோடு முடிந்துவிடுகிறது.

அலுவலகத்தில் இருந்தவரிடம், எங்கள் பாஷையில் அவசரம் என்றால் வேறு அர்த்தம் என்று கெஞ்சிச் சொன்னேன். நல்ல மனிதர்தான். "ஸிஸ்டம் லாக் ஹோ கயா, ஆண்ட்டி. அக்லே ஸால்" என்றார். கம்ப்யூட்டரில் பூட்டியாகிவிட்டதாம், இனி மாற்ற முடியாதாம்; அடுத்த வருஷம் பார்க்கலாமாம். படித்துப் பார்த்ததற்குக் கையெழுத்துக் கேட்டார். எனக்கு ஆர்வமில்லை என்பதற்கு நானே தமிழில் கையெழுத்துப் போட்டேன்.

சேர்ந்து ஏழு மாதமான ஒருத்திக்குப் பதவி போயிற்று. அவள் மேல் குற்றம் சொல்ல மாட்டேன். சாவிக்கொத்தைக் கழற்றிக் கொடுத்தபோது, "மௌசி, இதில் துணி அறைச் சாவி எது?" என்று இந்தியில் கேட்டாள். காட்டினேன்.

இன்றைக்கும் விளக்கேற்றிவிட்டுத்தான் பஸ்ஸுக்குப் போகிறேன். ஆனால் முருகனிடம் ஒரு கேள்வி பாக்கி இருக்கிறது. நாக்கில் வந்து நில் என்றேனே, அப்பனே, வந்து நின்றாய், சரி. எந்தப் பாஷையில் நின்றாய்? நடக்கும்போது இடுப்பில் சத்தம் வருவதில்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.